தாய்மொழியும் தந்தை நாடும்

மொழியைத் தாயோடு சேர்த்து வழங்கும் வழக்கம் பல இனத்தாரிடையே உண்டு. நாம் தாய்மொழி என்கிறோம். இத்தாலியரும் மொழியைத் தாயோடு சேர்த்தே கூறுவர். ஆயின் நாட்டைக் குறிக்க அவர்கள் வழங்கும் 'பாத்ரியா' என்னும் சொல், தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததாகும். இப்பிரிவினை சொல்லளவில் நின்றுவிடவில்லை. சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே பிரித்து வைத்திருந்தது. பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்கும் உரிமை தந்தைக்கு; மொழியைக் கொடுக்கும் உழைப்புத் தாய்க்கு. சொந்த ஊரிலேயே வாழும் குடும்பத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. கடல் கடந்து சென்ற குடும்பத்திலேதான் அது வெளிப்படும். இங்கிலாந்திற் குடியேறிய இத்தாலியத் தாய்மாரின் வாழ்க்கை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இவ்வாரம் அதனைச் சிறிது நோக்குவோம்.

சூளையைத் தேடி வந்தோர்

இரண்டாம் உலகப் போரில் இடிந்த நகரங்களை மீளக் கட்டுவதற்கு இங்கிலாந்துக்குச் செங்கல் மலைமலையாகத் தேவைப்பட்டது. ஆனால் சூளையின் வெக்கையில் நின்று வேலை செய்ய உள்ளூரில் ஆட்கள் போதவில்லை. ஆகவே பெட்போர்ட் நகருக்கு அண்மையில் ஸ்டுவர்ட்பி முதலிய இடங்களிற் பெருஞ் சூளைகளை நடத்திவந்த இலண்டன் பிரிக் கம்பனி, 1951ஆம் ஆண்டு முதல் தென் இத்தாலியில் ஆள் திரட்டத் தொடங்கியது. கம்பானியா, மோலிசே, புலியா, சிசிலி ஆகிய பகுதிகளின் வறிய கிராமங்களிலிருந்து கமக்கார இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டுப் புறப்பட்டனர். முதலில் விடுதிகளில் தங்கினர். சிறிது பணம் சேர்ந்ததும் மனைவியரை அழைத்துக்கொண்டனர். ஒரு பழைய பெரிய வீட்டில் அறைக்கொரு குடும்பமாக வாழ்ந்து, ஒரே அடுப்பை முறைவைத்துப் பயன்படுத்திய காலம் அது.

வந்த ஆடவனுக்குச் சூளையில் தன் ஊரார் பலர் துணையிருந்தனர். பிள்ளைக்குப் பாடசாலை இருந்தது. அந்நிய நாட்டைத் தனித்து நின்று எதிர்கொள்ள வேண்டியவள் தாயே. கடைக்காரன், வைத்தியர், பிள்ளையின் ஆசிரியை, மதிலுக்கு அப்பாலுள்ள அயலவள் ஆகிய அனைவரையும் நாள்தோறும் சந்திக்க வேண்டியவளும் அவள். ஆங்கிலம் கற்க வாய்ப்பு மிகக் குறைந்தவளும் அவள்.

அடுப்பங்கரையும் தொட்டிலும்

அவள் முதலிற் போராட நேர்ந்தது உணவோடுதான். ஒலிவ் எண்ணெயின்றி அவளுக்குச் சமையல் இல்லை. அக்காலத்து இங்கிலாந்திலோ அவ்வெண்ணெய் பலசரக்குக் கடைகளில் அரிது. மருந்துக் கடையில், காதுவலிக்கு விடும் மருந்தாகச் சிறு போத்தலிலேயே அது பெரும்பாலும் கிடைத்தது. ஆங்கிலேயர் இத்தாலிய உணவை அறிந்திருந்த அளவுக்கு 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி பி.பி.சி. தொலைக்காட்சி காட்டிய ஒரு வேடிக்கை சான்றாகும். சுவிற்சர்லாந்தில் ஒரு குடும்பத்தார் மரக்கிளைகளிலிருந்து ஸ்பகெற்றியைப் பறித்து வெயிலில் உலர்த்துவதாக அந்நிகழ்ச்சி மிகவுங் கம்பீரமாக விளக்கியது. முட்டாள்கள் தினத்து வேடிக்கை அஃது என உணராத நேயர் பலர், அம்மரத்தை வளர்ப்பது எங்ஙனம் என்று கேட்டு நிலையத்தோடு தொடர்பு கொண்டனராம்! மாவைப் பிசைந்து இழையாக்கும் வேலையைத் தன் தாயின் மடியிற் கற்றவள், இத்தகைய அயலாரிடையே வீட்டுத் தோட்டத்தில் தக்காளி நட்டு, கோடை முடிவில் அதனைக் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்தாள்.

குழந்தை வளர்ப்பில் இன்னும் பெரிய முரண்பாடு இருந்தது. தூய காற்றே குழந்தைக்கு நலம் என்று கருதிய ஆங்கிலத் தாய், பனிக்காலத்திலும் குழந்தையைத் தள்ளுவண்டியிற் படுக்கவைத்து முற்றத்தில் விடுவாள். இத்தாலியத் தாயோ காற்றையே பகையாகக் கருதுபவள். ஈரத்தலையோடு வெளியே சென்றால் நோய் வரும். வியர்த்த உடலிற் காற்றடித்தால் நோய் வரும். ஆதலாற் சட்டைக்குள் கம்பளி உட்சட்டை அணிய வேண்டும் என்பது அவள் கட்டளை. ஆங்கிலப் பிள்ளை அந்திப்பொழுதிலேயே தன் அறைக்கு அனுப்பப்படும். இத்தாலியப் பிள்ளை பெரியோருடன் இரவுணவுக்கு அமர்ந்து, பேச்சைக் கேட்டபடியே கதிரையில் உறங்கிவிடும். அயலவள் இவளைக் கண்டிப்பில்லாதவள் என நினைத்தாள். இவள் அயலவளை ஈரமில்லாதவள் என நினைத்தாள். இருவருஞ் செய்தது பிள்ளையின் நலங் கருதியே. ஒரே அன்பு இரு நாடுகளில் இரு வேறு வடிவம் கொள்ளும் என்பதை உணர, இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டியிருந்தது. அதுதான் அங்கே இல்லை.

மூன்று மொழிக்கிடையே ஒரு பிள்ளை

மொழிச் சிக்கலை வெளியார் இரண்டு மொழிகளின் சிக்கலாகவே எண்ணுவர். உண்மையில் அவ்வீட்டில் மொழிகள் மூன்று. தாய் பேசியது தன் கிராமத்துப் பேச்சு. அது நூல்வழக்கு இத்தாலியனினின்று பெரிதும் வேறுபட்டது. சிசிலியக் கமக்காரனின் பேச்சு மிலான் நகரத்தானுக்கு எளிதில் விளங்காது. இத்தாலிய அரசு 1971ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, பிறநாடுகளிலுள்ள தன் மக்களின் பிள்ளைகளுக்கு மொழி வகுப்புகள் நடத்த உதவியது. நல்ல முயற்சியே. ஆயினும் அவ்வகுப்பிற் கற்பிக்கப்பட்டது நூல்வழக்கு. ஆங்கிலப் பாடசாலையில் அம்மாவின் மொழி அந்நியம் என்று அறிந்த பிள்ளை, இத்தாலிய வகுப்பில் அது கொச்சை என்றும் அறிந்துகொண்டது. இரு பள்ளிகளும் சேர்ந்து தாயின் வாயை அடைத்துவிட்டன எனலாம்.

இதனோடு மற்றுமோர் இடரும் சேர்ந்தது. பிள்ளை சில மாதங்களில் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடும். தாய்க்குப் பல ஆண்டுகள் செல்லும். எனவே வைத்தியரிடமும் வங்கியிலும் அரசாங்கக் காரியாலயத்திலும் தாய்க்காகப் பேசுபவன் பத்து வயதுச் சிறுவனாகிறான். தன் உடல்நோவை மகன் வாயிலாக வைத்தியருக்குச் சொல்ல வேண்டிய தாயின் நாணத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். சொல்லக் கூடாதவற்றை அவள் சொல்லாமலே விடுவாள். நோய் மறைந்து வளரும். சிறுவனோ தாங்கத் தகாத சுமையைத் தாங்குகிறான். ஆசிரியை தன்னைப் பற்றிச் சொல்லும் குறையையும் அவனே மொழிபெயர்க்க வேண்டும். அதனை எவ்வாறு மொழிபெயர்ப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அறிவுரை கூறவேண்டியவள் வெளியே பிள்ளையின் கையைப் பிடித்து நிற்கும்போது, குடும்பத்தின் வரிசை தலைகீழாகிறது.

வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இரு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று புலம்பெயர்ந்த பெற்றோருக்கு ஆசிரியர் பலர் நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறிய காலமும் உண்டு. 1962ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகரில் பீல், லாம்பேர்ட் என்னும் இருவர் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளிலும் பார்க்க அறிவுச் சோதனைகளிற் பின்தங்கவில்லை, முன்னின்றனர் என்று காட்டினர். ஆய்வு நூலகத்தைச் சேர்ந்தது. அது வீட்டு வாசலைச் சேரப் பல்லாண்டுகள் சென்றன. அதற்கிடையில் எத்தனையோ தாய்மார் தமக்கு நன்கு தெரிந்த மொழியை விட்டு, அரைகுறையாகத் தெரிந்த மொழியில் தம் பிள்ளைகளைத் தாலாட்டினர்.

சட்டம் மறந்த தாய்

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1912ஆம் ஆண்டு இத்தாலியச் சட்டப்படி பிள்ளையின் பிரசாவுரிமை பொதுவாகத் தந்தை வழியே வந்தது. அந்நியனை மணந்து அவன் நாட்டுரிமையைப் பெற்ற இத்தாலியப் பெண் தன் உரிமையை இழந்தாள். பிரித்தானியச் சட்டமும் இதற்கு இளைத்ததன்று. இத்தாலியனை மணந்த ஆங்கிலப் பெண்ணை 1948ஆம் ஆண்டின் இறுதிவரை அது அந்நியளாகவே கருதியது. 1940 யூன் 10ஆந் திகதி இத்தாலி போரில் இறங்கியபோது, இலண்டனிற் பிறந்து வளர்ந்த பெண்களும் கணவன் நாடு காரணமாகப் பகைநாட்டார் ஆயினர். ஆடவர் ஆயிரக்கணக்கிற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்களுட் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' என்னுங் கப்பல் யூலை 2ஆந் திகதி ஜெர்மனிய நீர்மூழ்கியால் தாக்குண்டு அமிழ, நானூறுக்கு மேற்பட்ட இத்தாலியர் மாண்டனர். கணவன் தடுப்பு முகாமிலும் மகன் பிரித்தானியப் படையிலுமாக வாழ்ந்த தாய்மாரும் இருந்தனர். அத்தகைய வீட்டில் தெருவுக்குக் கேட்க இத்தாலியன் பேசாதே என்று பிள்ளைக்குக் கூறப்பட்டதில் வியப்பென்ன?

பிரித்தானியத் தாய் பிறநாட்டிற் பெற்ற பிள்ளைக்குத் தன் நாட்டுரிமையைத் தானாகவே வழங்கும் உரிமை 1983 சனவரி முதலாந் திகதியிலிருந்தே கிடைத்தது. இத்தாலியிலும் அதே 1983ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பாலும் அதனைத் தொடர்ந்த சட்டத்தாலும் தாய்வழி உரிமை நிலைபெற்றது. நம் நாடு இவ்வகையிற் பெருமைகொள்ள இடமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் போற்றிய தந்தை வழியோடு தாய்வழியும் சமமாக ஏற்கப்பட்டது 2003இலேயே.

தாய்க்கு நாட்டுரிமை வழங்கும் உரிமை வந்து சேர்ந்த 1983ஆம் ஆண்டில், சூளைக்கு வந்தோரின் பிள்ளைகள் வளர்ந்து தாமே பெற்றோராகியிருந்தனர். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர். சட்டம் அவள் கையில் நாட்டைக் கொடுத்தபோது, அவள் கொடுக்க முயன்ற மொழி அக்கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

எஞ்சியவை எவை?

எனினும் யாவும் நழுவிவிடவில்லை. பெட்போர்டில் 1965ஆம் ஆண்டு இத்தாலியருக்கெனத் திறக்கப்பட்ட தேவாலயம் உண்டு. ஸ்டுவர்ட்பிச் சூளைகள் 2008இல் அணைந்தபின்னும் அந்நகரில் இத்தாலிய வழியினர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். மொழியை விட்டவர்களும் பாட்டியின் தக்காளிக் குழம்பை விடவில்லை. இதற்குக் காரணம் எளிது. உண்பதற்கு மறுமொழி வேண்டியதில்லை. பேசுவதற்கு மறுமொழி வேண்டும். தாய் தன் மொழியிற் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் விடையிறுக்க, அதுவே போதும் என்று தாய் விட்டுவிட்ட வீடுகளில், அடுத்த தலைமுறைக்கு உணவு மட்டுமே சென்றது.

இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பேர்க் 1959ஆம் ஆண்டில் கணவரின் உத்தியோகம் காரணமாக இலண்டனுக்குச் சென்று சிறிது காலம் வாழ்ந்தவர். அவரும் ஒரு தாய். இங்கிலாந்தின் ஒழுங்கைப் பாராட்டியும் அதன் வாட்டத்தை எண்ணி வருந்தியும் கட்டுரை எழுதினார். 1963இல் அவர் வெளியிட்ட 'லெஸ்ஸிக்கோ பமில்யாரே' என்னும் நூலின் பெயருக்குக் குடும்பச் சொற்கோவை என்று பொருள் கூறலாம். ஒரு வீட்டார் அடிக்கடி சொல்லும் வேடிக்கைச் சொல், தந்தையின் வசவு, தாயின் பழங்கதை ஆகிய இவையே சிதறிப்போன உடன்பிறந்தாரை மீண்டும் ஒன்றுசேர்க்கும் கயிறு என்பதை அந்நூல் புலப்படுத்துகிறது. தாய்மொழி என்பது முதலில் இத்தகைய சில சொற்களே. இலக்கணம் பின்னர் வருவது.

பிரித்தானியா 2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகியபின், இத்தாலியப் பெண்கள் நினைத்தவுடன் அங்கு சென்று குடியேறல் இயலாது. இன்று அங்குள்ள இளந் தாய்மாருட் பலர் பல்கலைக்கழகங் கண்டவர்கள். நேப்பிள்ஸிலுள்ள பாட்டி கைத்தொலைபேசியில் நாள்தோறும் பேரனோடு பேசுகிறாள். வசதி மாறினாலும் வினா மாறவில்லை: பாட்டி கேட்பதற்குப் பேரன் எம்மொழியில் விடை கூறுகிறான்?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் உற்றார் வாழும் நம் வாசகர்களுக்கு இவ்வினா புதிதன்று. அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது மூன்று செய்திகளைச் சேர்த்தெழுதலாம். தாய் தனக்கு நன்கு வரும் மொழியிலேயே குழந்தையோடு பேசுக. கிராமத்துப் பேச்சாயினும் நாணற்க. வைத்தியர் முன் பிள்ளையைத் துபாசியாக நிறுத்தற்க. அதற்கு வளர்ந்தவர் ஒருவரைத் தேடுக. மூன்றாவதே தலையாயது: தன் மொழியிற் கேட்ட கேள்விக்குத் தன் மொழியிலேயே விடை வரும்வரை, சினவாது, சிரித்த முகத்தோடு காத்திருக்குக. சோறு ஆறினாலும் பரவாயில்லை.