பைபாஸ் முடிந்து வீடு திரும்பியாச்சா? நெஞ்சுக் காயத்தில் ஒரு கண் இருக்கட்டும்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நலம் விசாரிக்க உறவினர்கள் வந்துபோகிறார்கள். இரண்டாவது வாரம், சட்டையில் சின்னதாக ஓர் ஈரக்கறை. ‘புண் ஆறும்போது அப்படித்தான் கசியும். மஞ்சள் வைத்து ரெண்டு நாள் பார்ப்போம்’ என்கிறார் ஒருவர்.

பல வீடுகளில் பிரச்னை தொடங்குவது அந்த ‘ரெண்டு நாளில்’தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன்?

ஓப்பன் ஹார்ட் சர்ஜரியில் நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்து, இதயத்தை அணுகுகிறார்கள். முடிந்ததும் ஸ்டீல் கம்பிகளால் எலும்பை இறுக்கிக் கட்டுகிறார்கள். எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். நன்றாக உறுதியாக 3 மாதம் வரைகூட ஆகலாம்.

தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம், நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியா. அது பெருகி, அறிகுறி காட்டப் பல நாள்கள் ஆகும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்.

தொற்று தோலோடு நின்றால் சமாளிப்பது எளிது. எலும்புக்கும் அதன் பின்னால் இதயத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த ஆழமான தொற்று, 100 பேரில் சுமார் 1 முதல் 3 பேருக்கு வருகிறது.

யாருக்கு அதிக கவனம் தேவை?

சர்க்கரை நோயாளிகள், உடல் பருமன் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள். நெஞ்செலும்புக்கு ரத்தம் தரும் மார்புத் தமனிகள் இரண்டையும் பைபாஸுக்கு எடுத்திருந்தால், எலும்புக்குப் போகும் ரத்தம் குறையும். காயம் ஆறுவதும் தாமதமாகலாம். காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்திலும் தொற்று வரலாம். அதையும் தினமும் பார்க்க வேண்டும்.

இவற்றைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது

* காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, தையல் விலகுவது
* சுற்றிலும் சிவந்து, சூடாக, வீங்கியிருப்பது
* குறைந்துவந்த வலி திரும்பவும் கூடுவது
* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
* இருமும்போதோ திரும்பிப் படுக்கும்போதோ நெஞ்செலும்பு அசைவது, ‘டக்’கென்று சத்தம் வருவது

முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று முற்றலாம். காரணமில்லாமல் சர்க்கரை அளவு எகிறுவதும் ஒரு துப்பு.

சிகிச்சை என்ன?

மேலோட்டமான தொற்றுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் டிரெஸ்ஸிங்கும் போதும். ஆழமாக இறங்கியிருந்தால் காயத்தை மறுபடி திறந்து, அழுகிய திசுக்களையும் தேவைப்பட்டால் கம்பிகளையும் அகற்ற வேண்டும். பிறகு காயத்தில் ஸ்பாஞ்ச் வைத்து மூடி, ஒரு கருவி மூலம் கசிவை உறிஞ்சி எடுப்பார்கள். 1997-ல் மருத்துவ இதழ்களில் வெளியாகிப் பிரபலமான இந்த முறைக்கு ‘வேக்’ சிகிச்சை என்று பெயர்.

காயம் சுத்தமானதும் மார்புத் தசையையோ வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையையோ நகர்த்தி, குழியை மூடுகிறார்கள். நல்ல ரத்த ஓட்டம் உள்ள திசு என்பதால், தொற்றை எதிர்க்க அது உதவுகிறது. தசையால் மூடும் முறையை 1980-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர் ஜுர்கீவிச் குழுவினர் வெளியிட்டார்கள். கூடவே, பல வாரங்களுக்கு ஆன்டிபயாடிக்கும் தொடரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* மஞ்சள், பவுடர், எண்ணெய் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.
* மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது. எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.
* இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.
* மருத்துவர் சொல்லும்வரை தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது.
* சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். சிகரெட்டை அறவே விட வேண்டும்.
* தினமும் ஒரே வெளிச்சத்தில் காயத்தை மொபைலில் போட்டோ எடுத்து வைத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மருத்துவரிடமும் காட்டலாம்.

சந்தேகம் வந்தால், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே முதல் போன் போக வேண்டும். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிரெஸ்ஸிங்கோடு முடியக்கூடிய காயம், தாமதத்தால் இன்னொரு ஆபரேஷனில் போய் நிற்கலாம்.