முதல் வருஷம் ஓசி... ரெண்டாவது வருஷம்?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நாக்பூர் தமிழ்க் கூட்டத்தில் மதியச் சாப்பாடு. ஊரே மோர் குடித்துக்கொண்டிருக்கிற வெயிலில் சுடச்சுட வத்தக்குழம்பு சாப்பிடுகிற ஜாதி நாங்கள் மட்டும்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் (பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர், நல்ல மனுஷர், அதனால் பேர் வேண்டாம்) கேட்டார்:

"என்ன சார், உங்க அக்கா பொண்ணு அமெரிக்காவுல டி.வி.க்கு எழுதப் போறாளாமே?"

"அப்ளிகேஷன் போடறா சார். ஃபெலோஷிப்."

"அதான், கோட்டாவுல தானே?"

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்கு நானே போட்டுக்கொள்ளும் அபராதம்தான் இது.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. அமெரிக்க டி.வி. தொடர்களை நம் ஊர் மெகா சீரியல் மாதிரி கதைக்கு ஒருவர், வசனத்துக்கு ஒருவர் என்று எழுதுவதில்லை. ஒரு அறையில் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து பேசிப் பேசி எழுதும். ரைட்டர்ஸ் ரூம் என்பார்கள். அந்த அறைக்குள் தெரிந்தவர் கையைப் பிடித்துத்தான் நுழைய முடியும் என்பது ஊரறிந்த ரகசியம். தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு என்று டிஸ்னி 1990-லேயே ஒரு வாசல் திறந்தது. என்பிசி 'ரைட்டர்ஸ் ஆன் த வெர்ஜ்' என்று நடத்தியது, பிறகு அதை மாற்றி 'லாஞ்ச்' என்று பெயர் வைத்தது. வார்னர் பிரதர்ஸ் பட்டறை 40 வருஷத்துக்கு மேல் பழசு. சிபிஎஸ் 2004-ல் ஆரம்பித்த திட்டம் வழிகாட்டலாக மட்டும்தான் இருந்தது, சம்பளம் கொடுத்ததில்லை. டிஸ்னியில் சம்பளம் உண்டு. சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட், வாழ்க்கை வரலாறு, 'நான் யார்' என்று ஒரு கட்டுரை, எல்லாம் அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்து விழும். எடுப்பது விரல் விட்டு எண்ணும் அளவு.

அக்கா பெண் நியூஜெர்ஸியில் பிறந்தவள். இப்போது லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பல் டாக்டர் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டு ராத்திரியில் எழுதுகிறாள். இது மூன்றாவது வருஷம். அத்தான் போன் பண்ணினார். "நீ பேங்க்ல எத்தனை ப்ரொபோசல் பாத்திருப்ப. இதையும் ஒருதரம் பாரு. பாத்துட்டு, போதும்மா விட்டுடுன்னு அவகிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பா."

சரி என்று அவள் அனுப்பிய படிவம், நிபந்தனைகள் எல்லாவற்றையும் லோன் பைல் மாதிரி உட்கார்ந்து படித்தேன். பி.காம். படித்துவிட்டு 2007-ல் பி.ஓ. பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். கதை, திரைக்கதை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பைலைப் பார்த்தால் ரிஸ்க் யார் தலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும். அதற்குத்தான் பேங்க் எனக்குச் சம்பளம் தருகிறது.

இங்கே பெரியவரின் 'கோட்டா'வைக் கொஞ்சம் பார்ப்போம். ஃபெலோஷிப் முடித்தவர் நல்ல நேரம் இருந்தால் ஏதாவது ஒரு தொடரில் ஸ்டாஃப் ரைட்டர் ஆகிறார். எழுத்தாளர் ஏணியில் அதுதான் அடிப்படி. அதற்கு மேலே ஸ்டோரி எடிட்டர், எக்ஸிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-ப்ரொட்யூசர் என்று போகும். பல ஸ்டூடியோக்களில் இந்த டைவர்சிட்டி ஸ்டாஃப் ரைட்டரின் முதல் வருஷச் சம்பளம் அந்தத் தொடரின் பட்ஜெட்டிலிருந்து போவதில்லை. தலைமை ஆபீஸ் தனிக் கணக்கிலிருந்து கொடுத்துவிடும். தொடரை நடத்துகிறவருக்கு அந்த ஆள் ஓசி.

அடுத்த வருஷம்? அதே பெண்ணை ஸ்டோரி எடிட்டராக உயர்த்தினால் சம்பளம் தொடரின் பையிலிருந்து போக வேண்டும். அவளை அனுப்பிவிட்டு இன்னொரு புது ஓசியை எடுத்தால் செலவு பூஜ்யம். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்வேன்? அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். திறமைசாலிகள் இரண்டு தடவை, மூன்று தடவை ஸ்டாஃப் ரைட்டராகவே வேலை பார்க்கிற கதை அந்த ஊர் எழுத்தாளர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு கொடுமை: 2023 வரைக்கும் ஸ்டாஃப் ரைட்டர் ஒரு எபிசோடை முழுசாக எழுதினாலும் அந்த ஸ்கிரிப்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, வாரச் சம்பளம் மட்டும்தான். மேல்படியில் இருக்கிறவருக்கு உண்டு. 2023 மே 2 முதல் 148 நாள் எழுத்தாளர்கள் ஸ்டிரைக் பண்ணினார்களே, அதில் வந்த ஒப்பந்தத்தில்தான் இது மாறியது.

எனக்கு இதைப் படித்ததும் சட்டென்று ஞாபகம் வந்தது நம்ம பிஎம்இஜிபி. கிராமத்துப் பக்கம் ப்ராஞ்ச்சில் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்பளம் போடுகிற யூனிட், தையல் யூனிட் என்று கடன் கேட்டு வருவார்கள். திட்டச் செலவில் 15-லிருந்து 35 சதவீதம் வரை அரசாங்க மானியம். பணத்துக்காகவே போர்டு மட்டும் எழுதி மாட்டிக்கொண்டு வருகிற பார்ட்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் ஒரு மிஷின் இருக்கும், அதுவும் மச்சினன் கடையிலிருந்து இரவல். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. மானியத்தை உடனே கையில் கொடுக்க மாட்டார்கள். மூன்று வருஷம் டெபாசிட்டாகப் பூட்டி வைத்திருப்போம். யூனிட் நிஜமாகவே ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும். மானியம் திறப்பு விழாவுக்குக் கிடையாது, மூன்றாவது வருஷம் ஷட்டர் திறந்திருந்தால்தான் உண்டு.

ஹாலிவுட்டில் தலைகீழ். திறப்பு விழாவுக்கு முழு மானியம், மறுநாள் ஷட்டரைச் சாத்தினால் கேட்க நாதியில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிகள், அவ்வளவு எம்.பி.ஏ.க்கள், நம்ம காதி கமிஷனுக்குத் தோன்றியது இவர்களுக்குத் தோன்றவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. முதல் வருஷம் பாதிச் சம்பளம் தொடர் கொடுக்கட்டும். மிச்சப் பாதியை, அந்தப் பெண்ணை ஸ்டோரி எடிட்டராக உயர்த்தின பிறகு தலைமை ஆபீஸ் தொடருக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். ஒரு பக்க சர்க்குலர் போதும். அதை யாரும் போடாததற்குக் காரணம், அவர்களுக்கு வேண்டியது ஆண்டறிக்கையில் போட வருஷா வருஷம் ஒரு புது முகம். மூன்றாவது வருஷம் எந்த அறிக்கையிலும் வராது.

'மிண்டி கேலிங் வரலையா?' என்று ஒரு அண்ணாச்சி கேட்பார், தெரியும். வந்தார். சொக்கலிங்கம் வீட்டுப் பெண். அப்பா தமிழர், அம்மா வங்காளி. 24 வயதில் 'த ஆஃபீஸ்' தொடருக்கு எழுதப் போனபோது அந்த அறையில் அவர் ஒருவர்தான் பெண், அவர் ஒருவர்தான் வெள்ளையரல்லாதவர். என்பிசி-யின் டைவர்சிட்டி திட்டம் வழியாகத்தான் அந்த வேலை வந்தது என்று அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். ரொம்ப நாள் அதற்காக வெட்கப்பட்டதையும் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அந்தத் தொடருக்கு இருபதுக்கு மேல் எபிசோட் எழுதி, நடித்து, 2020-ல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்று ஒரு தமிழ்ப் பெண்ணை நாயகியாக வைத்து நாலு சீசன் ஓட்டிய ஒருத்தியே வெட்கப்பட வேண்டியிருந்தது என்றால், அந்த வெட்கத்தைத் தயாரித்து சப்ளை பண்ணுவது யார்? பந்தியில் அப்பளம் நொறுக்குகிறவர்கள். அந்த ஊரிலும் இருக்கிறார்கள், நம்ம ஊரிலும் இருக்கிறார்கள்.

நம்மாட்கள் விஷயம் இன்னும் விசேஷம். இங்கே இட ஒதுக்கீடு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். பேத்தி அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் படிவத்தில் 'தெற்காசியர்' என்று டிக் அடித்தால் அது மட்டும் டைவர்சிட்டி, இங்கிலீஷில் சொன்னால் கௌரவம். அடுத்த வீட்டுப் பெண் டிக் அடித்தால் கோட்டா. ரெண்டும் ஒரே கட்டம்தானே சார்?

இதில் மறுபக்கமும் இருக்கிறது. சிபிஎஸ் தொடர் ஒன்றில் ஸ்கிரிப்ட் கோ-ஆர்டினேட்டராக இருந்த ஒருவர், வெள்ளைக்கார ஆண் என்பதால் தனக்கு எழுத்தாளர் வேலை மறுக்கப்பட்டது என்று 2024-ல் வழக்குப் போட்டார். 2025-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருஷக்கணக்கில் அறைக்கு வெளியே காத்திருந்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அறைக்குள் எத்தனை நாற்காலி என்று முடிவு பண்ணியது என் அக்கா பெண்ணா? எழுத்தாளர் சங்கம் சொன்ன கணக்குப்படி 2023-24 சீசனில் டி.வி. எழுத்து வேலைகள் முந்தின சீசனைவிட 42 சதவீதம் குறைந்துவிட்டன. நாற்காலியை எடுத்துக்கொண்டு போனவனை விட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு இவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்த வாசலும் நிலையாக இல்லை. 2022 அக்டோபரில் வார்னர் தன் பட்டறையை மூடுவதாக அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் ஒரே நாளில் பல்டி அடித்து, வேறு துறையின் கீழ் நடத்துவோம் என்றது. 2025-ல் அமெரிக்க அரசாங்கமே டைவர்சிட்டி என்ற சொல்லுக்கு எதிராகத் திரும்பியபோது, பாரமவுண்டை வாங்க வந்த ஸ்கைடான்ஸ், இப்படிப்பட்ட திட்டங்களே இருக்காது என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியது. இவ்வளவு சுலபமாக எழுதிக் கொடுக்க முடிந்தது என்றால் அது என்றைக்குமே அவர்கள் புத்தகத்தில் முதலீடாக இருந்ததில்லை. விளம்பரச் செலவுக் கணக்கில்தான் இருந்திருக்கிறது.

சரி, விண்ணப்பம் போடுகிறவள் கையிலிருந்து என்ன போகிறது? ரிலீஸ் படிவம் ஒன்று. 'இதே மாதிரி கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், நாளைக்கு நாங்களே எடுக்கலாம், நீங்கள் வழக்குப் போடக் கூடாது' என்று கையெழுத்து. இதில் கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆயிரம் பேர் அனுப்பினால் நாலு கதை ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கையெழுத்து ஒரு பக்கம் மட்டும் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது அந்தக் கட்டுரை. இதுதான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை.

அவள் ஆச்சியைப் பற்றி எழுதியிருந்தாள். என் அம்மா. பதிமூன்று வயதில் லீவுக்குப் பாளையங்கோட்டை வந்தபோது அவளுக்குத் தீட்டு வந்தது, ஆச்சி பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாய் என்று மூன்று நாள் உட்கார வைத்தாள். அந்த மூன்று நாளில் நான் யார் என்று தெரிந்துகொண்டேன் என்று போகிறது. பொய் ஒன்றும் இல்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆனால் முழுக் கட்டுரையிலும் ஆச்சி என்றால் அந்தப் பின்கட்டு மட்டும்தான்.

கேட்டேன். "ஆச்சி நாக்பூர்ல எங்ககூட இருந்தப்போ ஹிந்தி சீரியல் பாப்பாளே, ஞாபகம் இருக்கா? ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. அவளா ஒரு கதை கட்டி, மாமியாருக்கும் மருமகளுக்கும் திருநெல்வேலி பாஷையில வசனம் சொல்லுவா. நீ மடியில உக்காந்து கேட்டுட்டு இருப்ப. அதை எழுதேம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது அழகான கதை மாமா. ஆனா அவங்க கேக்கற கதை இல்ல. போன ரெண்டு வருஷம் அந்த மாதிரிதான் எழுதினேன்."

நாங்கள் நிலத்தையும் நகையையும் அடமானமாகக் கேட்கிறோம். கடன் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இங்கே ஆச்சியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அத்தானுக்கு என் ரிப்போர்ட் இதுதான்: விடச் சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் முன்னால் கையில் ஒரு டிகிரியை வைத்துக்கொண்டு தெரிந்தவர் யாருமில்லாத ஊருக்கு நீங்கள் ரயில் ஏறினபோது உங்களை யாரும் விடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னது வேறு. வேலை கிடைத்தால் அன்றைக்கே கேள், என் சம்பளம் யார் கணக்கில், அடுத்த வருஷம் யார் கணக்கில் என்று. பல் டாக்டர் ஆபீஸ் வேலையை முழுசாக விடாதே. எல்லா ஸ்கிரிப்டும் தேதியோடு பதிவாகி இருக்கட்டும். ஃபெலோஷிப் ஒரு வாசல்தான், மற்ற வாசல்களையும் தட்டு. நாலாவது வருஷம் கட்டணம், பயணம் ஏதாவது இருந்தால் மாமா பொறுப்பு.

கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி அனுப்பிவிட்டாள். பின்கட்டு அப்படியே இருக்கிறதாம், ஹிந்தி சீரியல் நாலு வரி சேர்த்திருக்கிறாளாம்.

டிஸ்கி: இதை யாராவது பிரிண்ட் எடுத்து அந்தப் பெரியவரிடம் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த வாரம் ப்ராஞ்ச்சில் இன்ஸ்பெக்ஷன், பத்து நாளைக்கு ஆளைப் பார்க்க முடியாது. திட்டுகிறவர்கள் அதற்குள் திட்டி முடித்துவிடவும்.