கருப்பஞ்சாற்று ரம்மும் கழனியின் மதிப்பும்

மேற்கிந்தியத் தீவுகளில் வடிக்கப்படும் ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து உண்டாவதாகும். பிரான்ஸைச் சேர்ந்த மார்ட்டினிக் தீவிலோ பச்சைக் கருப்பஞ்சாற்றையே புளிக்கவைத்து வடிக்கும் முறை சிறப்புற்றிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பீட் கிழங்குச் சர்க்கரையின் போட்டியால் கரும்புச் சர்க்கரையின் விலை வீழ்ந்தபோது இம்முறை அங்கு பரவலாயிற்று.

பாகு காய்ச்சுகையில் மறைந்துபோகும் பச்சைக் கரும்பின் வாசனை இந்த ரம்மில் தங்கிநிற்கிறது. ஆதலால் இதன் தரத்தை அறிய விரும்புவோர் காரத்தை அன்று, வாசனையையே முதலில் நோக்குதல் வேண்டும். வெட்டிய கரும்பு காத்துக்கிடந்தால் சாறு கெடும் என்பதை வெல்லம் காய்ச்சும் நம் குடியானவர்களும் நன்கறிவர். ஆகவே இச்சரக்கின் தரம் பீப்பாயில் அன்று, வயலிலேயே தொடங்குகிறது.

1996-ல் பிரெஞ்சு அரசாங்கம் இதற்கு விளைநிலப் பெயருரிமை வழங்கிற்று. குறிப்பிட்ட நிலங்களில் விளைந்த கரும்பு மட்டுமே அப்பெயருக்கு உரியது. வடிப்பவனுக்கே போய்ச்சேரும் புகழில் நிலத்திற்கும் பங்குண்டெனச் சட்டம் ஒப்புக்கொண்டது மிகவும் நியாயமே என்பது எமது அபிப்பிராயம்.