நவச்சாரப் புகையும் பிளீச்சிங் வாளியும்

 

ரமளானை வரவேற்கும் முகமாக நானறிந்த ஒரு பள்ளிவாசலைக் கழுவித் தூய்மை செய்துகொண்டிருந்தார்கள். கழிவறைத் தரையின் உப்புக்கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அங்கே வேலை செய்த வாலிபர் ஒருவர், பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்த வாளியிலேயே ஒரு போத்தல் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். இரண்டும் அழுக்குப் போக்குபவை. சேர்ந்தால் வேலை இரட்டிப்பாகும் என்பது அவருடைய கணக்கு. ஊற்றிய சில வினாடிகளில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தவர் வாசற்படியிலேயே விழுந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடிப் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இச்செய்தி மணவாள நகரில் எங்கள் மாலை வகுப்பிலும் பேசப்பட்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஸ்ரத், உப்பையும் சர்க்கரையையும் கலந்தால் ஒன்றும் ஆவதில்லை. இது மட்டும் ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டான். நான் கலைப் பட்டதாரி, வரலாறு படித்தவன். அன்று விடை சொல்ல இயலவில்லை. அவனுடைய பள்ளிக்கூட வேதியியல் நூலையே இரவல் வாங்கி இரண்டு இரவுகள் படித்தேன். நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே இது எனக்கு மட்டும் வேண்டிய பாடமன்று என்று தோன்றியது.

அவன் கேட்ட கேள்வியில்தான் வேதியியலின் தலைவாசலே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் கிடைப்பது கலவை. பக்கத்து வீட்டாரைப் போல அவை அருகருகே இருக்கின்றன. உப்பு உப்பாகவே கரிக்கிறது, சர்க்கரை சர்க்கரையாகவே இனிக்கிறது. வேறு சில பொருள்கள் சந்திக்கும்போதோ அவற்றின் அணுக்கள் பழைய பிணைப்பை விட்டுப் புதிய பிணைப்பை ஏற்கின்றன. அப்போது பிறப்பது முற்றிலும் வேறொரு பொருள். பெற்றோரின் குணம் பிள்ளைக்கு வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. நாம் நோன்பு திறக்கும் கஞ்சியிலுள்ள உப்பையே பாருங்கள். அது சோடியமும் குளோரினும் இணைந்த சேர்மம். சோடியம் தண்ணீர் பட்டால் சீறித் தீப்பற்றக்கூடிய உலோகம். குளோரின் நுரையீரலைப் பொசுக்கும் வாயு. 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை போர்க்களத்தில் திறந்துவிட்டது இதைத்தான். இந்த இரண்டும் கைகோத்தபின் நம் சோற்றுக்குச் சுவை!

பள்ளிவாசல் வாளியில் நடந்தது இதற்கு எதிர்த்திசை. பிளீச்சிங் பவுடருக்குள் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. கழிவறைக்கு விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதன்மேல் பட்டவுடன் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாக வெளியேறிவிட்டது. அந்த வாலிபர் புதிதாக நஞ்சு எதையும் கொண்டுவரவில்லை. வாளியிலும் போத்தலிலும் முன்பே இருந்த அணுக்கள்தாம் இடம் மாறின.

மாணவர்களோடு கரும்பலகையில் ஒரு சிறு கணக்கும் போட்டோம். ஹைட்ரஜன் அணுவின் எடை 1 என்று கொண்டால் நைட்ரஜன் அணு 14, ஆக்சிஜன் அணு 16, குளோரின் அணு ஏறத்தாழ 35½. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், அடுத்து ஆக்சிஜன். இவை இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே திரிவதால் காற்றின் சராசரி மூலக்கூறு எடை சுமார் 29. குளோரினும் இரண்டிரண்டாகத் திரிவதுதான். ஆகவே அதன் எடை 71. காற்றைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு! எனவே அது மேலே போகாமல் தரையோடு படரும், குனிந்து தேய்ப்பவரின் முகத்தில் நேரே அறையும். சன்னலில்லாத கழிவறை என்றால் சொல்லவே வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்து மாணவர்கள் கேட்டது எண்ணூரைப் பற்றி. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் கடற்கரையில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா என்பது ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது. எடை 14உம் 3உம் கூடி 17; காற்றைவிட இலேசு. அப்படியானால் மேலே போயிருக்க வேண்டாமா என்று ஒரு மாணவன் மடக்கினான். நியாயமான கேள்வி. குழாய்களிலும் கப்பல்களிலும் வருவது பூச்சியத்துக்கும் 33 பாகை கீழே குளிர்விக்கப்பட்ட திரவ அம்மோனியா. கசியும்போது அது கடுங்குளிராகக் கிளம்பி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பனிமூட்டம் போலத் தாழ்வாகவே தவழக்கூடும். ஏட்டுக் கணக்கு சரிதான். ஆனால் குளிரையும் ஈரத்தையும் கேட்காமல் அது தனியே தீர்ப்புச் சொல்லிவிடாது.

இந்த அம்மோனியா நமக்கு அந்நியமன்று. வலீமாவுக்குப் பிரியாணி சமைக்கும் செம்புத் தேக்சாவுக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியால் நெருப்பை ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். குப்பென்று வெண்புகை எழும். அந்தப் பொடிதான் நவச்சாரம். அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இணைந்த சேர்மம் அது. சூட்டில் இரண்டாகப் பிரிகிறது. அமிலம் செம்பின் களிம்பை நீக்குகிறது, ஈயம் பளபளவென்று பற்றிக்கொள்கிறது. மேலெழுந்து ஆறும்போது இரு வாயுக்களும் மறுபடியும் இணைந்து வெண்பொடியாகின்றன. பிரிவதும் சேர்வதும் ஒரே அடுப்படியில்!

அரபு மொழியில் இதற்கு நூஷாதிர் என்று பெயர். கி.பி. 925இல் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ பொருள்களை வகைப்படுத்தியபோது, சூட்டில் ஆவியாகிப் போகும் பாதரசம், கந்தகம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தார். ஆய்ந்து, வகுத்து, எழுதி வைத்த கூட்டம் அது. நம் மேடைகளில் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரை முழங்காத பேச்சாளர் இல்லை. நானும் முழங்கியிருக்கிறேன். காரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அல்கலீ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று பெருமையும் பேசியிருக்கிறேன். ஆனால் ஜாபிரின் பெயர் தெரிந்த அந்தப் பள்ளிவாசலில், போத்தலின் மேலொட்டிய தாளைப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லையே! இதை எண்ணும்போது எனக்கு இன்றும் நாணமாக இருக்கிறது.

சகோதரிகளுக்குச் சில சொற்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் உங்கள் வீட்டில் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தில், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மற்றதை ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் சேரக்கூடாது; அதிலும் நச்சு வாயுதான் வரும். குளிர்பானப் போத்தலில் ஆசிட்டை வாங்கி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. தவறுதலாகக் கலந்து நெடி கிளம்பிவிட்டால் வாளியைத் தூக்கி அப்புறப்படுத்த முயலாமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால்மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவியபின் மருத்துவரிடம் செல்லுங்கள். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும். ஒரு லிட்டர் தண்ணீர் பல நூறு லிட்டர் வாயுவை உட்கொண்டுவிடும். ஆகையால் தொழிற்சாலைப் பக்கம் குடியிருப்போர் அந்த நெடி வந்தால் நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் பிடித்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும்.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது ஒளூ செய்யும் ஹவுளின் நீரைப் பற்றி வேறொன்று கேட்டிருக்கிறான்: கிருமி சாகப் போடும் குளோரின் அளவு எவ்வளவு, நம்மைக் கொல்லாமல் அது கிருமியை மட்டும் எப்படிக் கொல்கிறது? மறுபடியும் அவனிடமே நூலை இரவல் வாங்கியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.