அடித்துப் போட்ட விலை

பொங்கல் முடிந்து தை மாதமும் பாதி ஓடிவிட்டது. கீழே டவுனில் இருக்கும் அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு மட்டும் பொங்கல் இன்னும் முடியவில்லை. கொல்லிமலை மேலே, எங்கள் செம்மேடு பேருந்து நிலையத்தில் இந்த வாரமும் ஒரு பையன் நோட்டீஸ் நீட்டினான். 43 இஞ்ச் டிவி. 44,990 என்று போட்டு, அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு. கீழே கொட்டை எழுத்தில் 24,990. அந்தக் கோட்டைக் கண்டால் எனக்கு என்ன ஆகும் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆடிக்குப் புலம்பினேன், தீபாவளிக்கும் புலம்பினேன். "போதும் விடுங்க அண்ணா" என்று மூன்று பேர் எழுதியும் போட்டார்கள். அவர்கள் கோடு போடுவதை விடட்டும், நானும் விடுகிறேன்.

கோடு விழுகிற அந்த எம்ஆர்பி, அதாவது அதிகபட்ச சில்லறை விலை, நல்ல எண்ணத்தில் வந்ததுதான். அதற்கு முன்பெல்லாம் பொட்டலத்தில் ஒரு விலையை அச்சிட்டு, 'உள்ளூர் வரிகள் தனி' என்று பொடி எழுத்தில் சேர்த்திருப்பார்கள். அந்த உள்ளூர் வரி எவ்வளவு என்பது கடைக்காரர் வாயில் இருந்தது. 1990-ல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலையை அச்சிடச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் குற்றம். ஆனால் அந்த உச்சம் எவ்வளவு உச்சமாக இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். பத்து ரூபாய் பிஸ்கட்டில் அச்சிட்டிருப்பது நிஜ விலை. டிவியில் அச்சிட்டிருப்பது, அடிப்பதற்கென்றே அச்சிட்ட விலை. 44,990 கொடுத்து அந்த டிவியை வாங்கிய மனிதர் யாராவது உண்டென்றால் எனக்குத் தெரிவியுங்கள், மாலையோடு வருகிறேன்.

ஆடித் தள்ளுபடி நோட்டீஸை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே கடை, அதே டிவி. அன்றைக்குக் கோட்டுக்குக் கீழே இருந்ததும் 24,990 தான். கோடு விழுந்த விலை மட்டும் 42,990. நடுவில் 2025 செப்டம்பர் 22 அன்று, 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. ஆடியில் 25,000 என்று விற்றது, கம்பெனியும் கடையும் தங்கள் பங்கில் கை வைக்காமல் இருந்திருந்தால், இன்று 23,050-க்குக் கிடைக்க வேண்டும். அந்த 1,950 எங்கே போயிற்று? போனில் கேட்டேன். "பேனல் ரேட் ஏறிடுச்சுங்க சார், அது பழைய மாடல், இது வேற" என்றார்கள். வேறுதான். மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒரு கடைக்கு ஒரு எழுத்து, ஆன்லைனுக்கு இன்னொரு எழுத்து என்று வைத்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

சரி, விலை கிடக்கட்டும். இந்தக் கடைகளின் கல்லாவை ஆரம்பத்திலிருந்தே நிறைத்தது தவணைதான். தமிழ்நாட்டு வீடுகளுக்குத் தவணை முறையைப் பழக்கியவர் என்றால் விஜிபி பன்னீர்தாஸ் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய கடையில் விற்பனையாளராக இருந்து தொழில் படித்தவர்தான் 1978-ல் தியாகராய நகரில் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கிய வசந்தகுமார். 2020-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அந்தத் தலைமுறை வியாபாரிகள் ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். வசூலுக்கு ஆள் சைக்கிளில் வீட்டுக்கு வருவார், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவார். இப்போது கடைக்குள்ளேயே ஓரமாக ஒரு மேஜை. ஆதார், பான், ஒரு ஓடிபி. பத்து நிமிடத்தில் டிவி உங்களுடையது, ஐந்தாம் தேதி அவர்களுடையது.

என் அக்கா மகன் அப்படித்தான் பொங்கலுக்கு டிவி எடுத்தான். வட்டியில்லாத் தவணை, மாதம் 2,499, பத்து டியூ. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று நான் கேட்கச் சொன்னதால் கேட்டிருக்கிறான். 23,500 என்றார்களாம். அந்த 1,490-க்குப் பெயர் வட்டி இல்லாமல் வேறென்ன? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளித்து வாங்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிறகும் பலகை மாறவில்லை. பைல் சார்ஜ் தனி, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. மலைக்கு டெலிவரி கிடையாது, காரவள்ளி அடிவாரம் வரைதான். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு டிவியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தான்.

இதையெல்லாம் எழுதி, கடையைப் பெயர் சொல்லாமல் நாலு வாங்கு வாங்கி, நுகர்வோர் உதவி எண் 1915 என்று போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் மருமகன் வீட்டுக்குப் போனபோது டிவியைவிட வாசல்தான் கண்ணில் பட்டது. வாசலில் படுதா விரித்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் தை, மாசியில் படுதா விரிக்காத வீடு கிடையாது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்து, காலால் மிதித்து உதிர்த்து, வெயிலில் கொட்டி வைப்பார்கள். காலையில் பச்சை, இரண்டு வெயிலில் பழுப்பு, பிறகுதான் கறுப்பு. பனி இறங்குவதற்குள் வாரி உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி விரிக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டுக்காரிக்கு வேறு வேலை ஓடாது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும்.

"என்னடா, கொடியில ஒண்ணும் இல்லையா?"

"பச்சையாவே குடுத்துட்டேன் மாமா. அஞ்சாம் தேதி டியூ. காயுற வரைக்கும் யார் பொறுப்பாங்க?"

காய்ந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு பச்சைக்குக் கிடைத்தால் கணக்கு நேர். வியாபாரி அதற்கு வெகு கீழேதான் பேச்சைத் தொடங்குவார், ஏனென்றால் பச்சையாகக் கொண்டுவருகிறவனுக்கு அவசரம் என்பது அவருக்குத் தெரியும். டியூ தேதியும் தெரியும். இப்போதெல்லாம் ஊருக்கே ஒரே தேதி.

டிவியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் சோளக்காடு சந்தைக்குப் போவோம். அங்கே எம்ஆர்பி கிடையாது. பலா எண்ணிக்கையில் போகும், வாழைத்தார் தார்க்கணக்கில். மிளகுச் சாக்கு வந்தால் வியாபாரி மேலே இருப்பதைத் தொடமாட்டார். கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஊதுவார். ஒன்றைப் பல்லில் கடிப்பார். 'நொறுக்' என்று சத்தம் கேட்டால்கூட "ஈரம் இருக்குதே" என்பார். ஈரத்துக்குக் கொஞ்சம், தூசிக்குக் கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார். பிறகு ஒரு விலை சொல்வார். பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கேயும் அதே விலை. இரண்டு பேரும் ஒரே வண்டியில் மேலே வந்தவர்கள். டவுனில் டிவி வாங்கும்போது எதிர்க்கடைக்குப் போகிறேன் என்று எழுந்தாலே ஐநூறு, ஆயிரம் இறங்கும். இங்கே சாக்கோடு எழுந்தால் சாக்குதான் கனக்கும்.

போட்டி, போட்டி என்று பேசுகிறவர்கள் எல்லாம் வாங்குகிறவன் பக்கத்தில் நின்றே பேசுகிறார்கள். 2002-ல் போட்டிச் சட்டம் வந்தது. டீலர்கள் இஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று தடுத்ததற்காக மாருதிக்கு 2021-ல் 200 கோடி அபராதம் போட்டது போட்டி ஆணையம். நல்லது. கார் வாங்குகிறவனுக்குத் தள்ளுபடி கிடைக்கட்டும். எங்களூரில் விற்கப் போகிறவனுக்கு வாங்குகிற ஆள் போதவில்லை. அந்தக் குறைக்கு நோட்டீஸ் அடிக்க யாரும் இல்லை.

முடியாத காரியம் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் இதே நாமக்கல் மாவட்டத்தில், மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், கோழிப்பண்ணைக்காரர்கள் தினமும் முட்டைக்கு விலை சொல்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு காலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. 1982-ல் கோழிப்பண்ணைத் தொழிலதிபர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார். இன்று நாமக்கல் மண்டல முட்டை விலை பேப்பரில் தங்கம் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கேயும் 'மைனஸ்' என்று ஒன்று உண்டு. அறிவித்த விலையில் முப்பது நாற்பது பைசா கழித்துத்தான் எடுப்பேன் என்று வியாபாரி நிற்பார், பண்ணைக்காரர்கள் கொதிப்பார்கள். இருக்கட்டும். கழிப்பதற்காவது முதலில் அவர்கள் சொன்ன விலை ஒன்று இருக்கிறது.

என்னைக் குடைவது இதுதான்: முட்டை சில நாளில் கெடும். மிளகு கெடாது. நன்றாகக் காய்ந்த மிளகு பரணில் வருடக்கணக்கில் கிடக்கும். என் பாட்டி, கல்யாணச் செலவுக்கு என்று இரண்டு மழைக்காலம் தாண்டிய சாக்கை இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். காத்திருக்கக்கூடிய சரக்கை வைத்திருக்கிறவனால் விலை சொல்ல முடியவில்லை. காத்திருக்க முடியாத சரக்கை வைத்திருக்கிறவர்கள் சொல்கிறார்கள். கொச்சிச் சந்தையின் மிளகு விலை மருமகன் போனில் தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதைக் காட்டினால் வியாபாரி கோபப்படுவதுகூட இல்லை. "அப்ப கொச்சிக்கே கொண்டுட்டுப் போ கண்ணு" என்கிறார்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று இருக்கிறது. சரக்கைக் கிடங்கில் வைத்தால் அதன் மதிப்பில் ஒரு பங்கை உடனே கடனாகக் கொடுப்பார்கள், விலை ஏறும்போது விற்றுக் கழித்துக்கொள்ளலாம். மிகச் சரியான யோசனை. ஆனால் ஒன்றரைச் சாக்கு மிளகுக்காக எழுபது வளைவு இறங்கி ஏற எவனுக்குக் கட்டும்? கிடங்கை மேலே கொண்டுவாருங்கள். மலைவாழ் மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இங்கேயே இருக்கிறது. சங்கக் கட்டடத்தில் ஒரு தராசும், ஈரம் அளக்கும் ஒரு கருவியும், பூட்டு போட்ட ஓர் அறையும், சாக்குக்கு எதிராக முன்பணமும் போதும். பல்லில் கடித்து ஈரம் பார்க்கும் வித்தை அன்றோடு முடியும். டிவிக்குப் பத்து நிமிடத்தில் இருபத்தையாயிரம் கொடுக்கும் அந்த ஓர மேஜைக்காரரிடம், மிளகை வைத்துக்கொண்டு கொடுப்பீர்களா என்று ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டேன். "அந்த மாதிரி ஸ்கீம் இல்லீங்க சார்" என்றார், வருத்தப்பட்ட மாதிரியே.

மருமகனிடம் இன்னும் ஒரு மூலைக் கொடி பறிக்காமல் இருக்கிறது. அதையாவது காய வை என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஐந்தாம் தேதிக்கு என்னடா பண்ணுவே என்றேன்.

"காபி இருக்குல்ல மாமா."