புத்தகத்தோடு படுக்கையருகும் வேண்டும்



முதுநிலை நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். அந்தப் பதற்றத்தில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஆண்டு முழுவதும் செல்போன் கேள்வி வங்கியிலேயே கரைந்துபோகிறது.

போன மாதம் வந்த மாணவி, மண்ணீரல் வீக்கத்துக்கான காரணங்களை மடமடவென்று ஒப்பித்தார். ‘எங்கேம்மா முதலில் கை வைப்பாய்?’ என்றேன். இடது விலாவுக்குக் கீழே காட்டினார். மண்ணீரல் வீங்கும்போது வலது அடிவயிற்றை நோக்கி இறங்கும். கையை அங்கே வைத்து, நோயாளி இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாப் பக்கம் ஏற வேண்டும். விலாவோரத்திலேயே தொடங்கினால், மிகப் பெருத்த மண்ணீரலின் மேலேயே கை கிடக்கும், விளிம்பு தட்டுப்படாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் எடுக்கவும் ரிப்போர்ட் வாங்க ஓடவுமே வார்டில் அவருக்குப் பொழுது போயிருக்கிறது.

அன்று சேர்ந்த நோயாளியின் அருகில் ஆசிரியர் ஒருவர் நின்று திருப்புதல் நடத்தினால், தேர்வுக்கும் அது உதவும். காமாலைக் கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தவருக்கு காமாலை பற்றிய கேள்வி மறக்காது. இத்தகைய திருப்புதலுக்கென தினமும் ஒரு மணி நேரத்தை, பணி நேரத்துக்குள்ளேயே, மருத்துவக் கல்லூரிகள் ஒதுக்கித்தர வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற பொது மருத்துவ ஆசிரியர், தஞ்சாவூர்