திட்டம் நின்றால் பிள்ளை நிற்பதா?

அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு ஒதுக்கப்படுவது அதிகபட்சம் 3,500 ரூபாய். நாளுக்குப் பத்து ரூபாய்கூட வராது. உதவி உபகரணம், கற்றல் கருவி, போக்குவரத்துப் படி, கூட வருபவருக்கான படி எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான். பெண் பிள்ளையென்றால் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத ஊக்கத்தொகை தனியே உண்டு. 2018இல் திட்டம் தொடங்கியபோது நிர்ணயித்த 3,500 ரூபாய், 2021இல் திட்டத்தைப் புதுப்பித்தபோதும் உயரவில்லை. திருவள்ளூர் மாவட்டத் தொழில் நகரமான கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறை வாடகை அதற்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அங்கே குடியிருக்கும் எந்தத் தொழிலாளியும் சொல்வார்.

தொகை சிறியது என்பது ஒரு குறை. அந்தச் சிறு தொகையும் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பது அதைவிடப் பெரிய குறை. இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய கல்வி அமைச்சகம் நிறுத்திவைத்தது. அது தவறு. ஒரு திட்டத்தில் சேர மறுத்ததற்காக வேறொரு திட்டத்தின் நிதியை மறிப்பது நியாயமில்லை என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2025 மார்ச்சில் சொன்னது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அந்த ஒப்பந்தம் மும்மொழிக் கொள்கை அடங்கிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிறது; மொழிக் கொள்கையில் மாநிலம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே நம் நிலையும். ஆனால், காதுகேளாத ஒரு பிள்ளைக்கு வாரம் ஒருமுறை கிடைக்கும் பேச்சுப் பயிற்சி, டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் நிலை எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கு மாநில அரசும் பதில் சொல்ல வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பல ஆண்டுகளாகத் திட்டப் பணியாளர்களாகவே இருக்கிறார்கள். தொகுப்பூதியம்; பணிப் பாதுகாப்பு கிடையாது. வட்டார வள மையத்தை மையமாக வைத்துப் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். ஒரு பயிற்றுநர் இந்த வாரம் கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆரம்பாக்கத்தில் தொடங்கிய பயிற்சியைத் தொடர மறுபடி எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கும் இப்படி விட்டுவிட்டுக் கொடுக்கும் பயிற்சி பெரிதாக உதவாது. பழகிய முகம் வேண்டும். அது தினமும் வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். அதை நிறைவேற்றாத மாநிலங்களைக் கண்டித்து, 2025 மார்ச் 7 அன்று, எத்தனை பணியிடங்கள் என்பதை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்கும்படி நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்டது. நீதிமன்றம் கேட்டது அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை. ஓராண்டுத் திட்டத்தில் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்துக் கணக்குக் காட்டினால் அது நிறைவேறாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகத் தந்திருக்கிறதே தவிர, நிதி வந்தால் தருவோம் என்று சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். 1975இல் அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான சட்டம் வந்தபோது, சிறப்புக் கல்வியால் கூடும் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக மத்திய அரசு வாக்களித்தது. அரை நூற்றாண்டு ஆகியும் ஒருமுறைகூட அந்த அளவைத் தொடவில்லை. ஆனால் அங்கே, மத்தியப் பணம் குறைந்தது என்பதைக் காரணம் காட்டிப் பள்ளி நிர்வாகம் பிள்ளையைக் கைவிட முடியாது. மீதிப் பணத்தை மாநிலமும் உள்ளாட்சியும் போட்டாக வேண்டும். அரசுகளுக்கிடையே எந்தத் தகராறு இருந்தாலும் அது பிள்ளையின் தலையில் விழக் கூடாது என்ற அந்த ஏற்பாடுதான் நமக்கு இல்லை.

கும்மிடிப்பூண்டி பக்கம் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நிதி தலைக்கணக்கில் வருகிறது. கணக்கில் ஏறாத பிள்ளைக்கு அந்த 3,500 ரூபாயும் இல்லை. கணக்கில் ஏற, முதலில் பள்ளியில் பெயர் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் ‘நலம் நாடி’ செயலியில் பதிய வேண்டும். பிறகு மருத்துவ முகாம், அதன்பின் தனித்துவ அடையாள அட்டை. சிப்காட் தொழில் வளாகத்து உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பிகார், ஜார்கண்ட் குடும்பங்களில் பலர் ஒப்பந்தக்காரர் சொல்லும் இடத்துக்கு மாறிக்கொண்டே இருப்பவர்கள். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் செங்கல் சூளைக்கு வருபவர்கள் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இல்லாத மாதத்தில் நடக்கும் முகாமில் அவர்கள் பிள்ளை எப்படிப் பதிவாகும்? முகாம் நாளில் இங்கேயே இருந்தாலும், அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டார வள மையத்துக்கு வர வேண்டும்.

தமிழ் தெரியாத ஒரு பிள்ளை வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புரியாத மொழியா, கேளாத காதா, அறிவுத்திறன் குறைபாடா? பிள்ளையின் தாய்மொழியில் சோதித்துப் பார்க்காமல் எந்த ஆசிரியராலும் இதைச் சொல்ல முடியாது. தெலுங்கு பேசும் எல்லையோரக் கிராமங்களிலும் இதே கேள்வி உண்டு. ஒடியா பாடநூல்களையும் ஒடியா பேசும் தன்னார்வலர்களையும் கொண்டு சூளைகளுக்கு அருகிலேயே வகுப்பு நடத்திய மாவட்டம் திருவள்ளூர். அந்த அனுபவத்தை மாற்றுத்திறன் சோதனைக்கும் கொண்டுவந்தால் விடுபட்ட பிள்ளைகள் கணக்கில் ஏறுவார்கள். முகாமை வேலையிடத்துக்கே கொண்டுபோகலாம். மொழி தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நடத்தலாம்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த இடத்தில் பணத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆலை இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் சிறப்புக் கல்வி பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றிருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் நிறுவனங்கள் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். சுற்றுச்சுவருக்கு வண்ணமும் ஸ்மார்ட் போர்டும் தருவதில் நிறுவனங்களுக்கு இருக்கும் ஆர்வம், சக்கர நாற்காலி ஏறும் வேனிலும், சாய்தளத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற கழிப்பறையிலும், வள மையத்தின் பயிற்சிக் கருவிகளிலும் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் உள்ள ஆலைகளிடம் மாவட்ட நிர்வாகம் இதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் ஆசிரியர் சம்பளத்தை நிறுவனங்களிடம் கேட்கக் கூடாது. லாபம் குறைந்த ஆண்டில் நிறுவனம் கையை விரித்தால் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையின் ஆசிரியர் அந்த லாபக் கணக்கைப் பொறுத்து வருபவராக இருக்கக் கூடாது. ஆசிரியர் சம்பளம் அரசின் கடமை.

எனவே நம் கோரிக்கை இது. சிறப்பாசிரியர் பணியிடங்களைத் திட்டத்திலிருந்து பிரித்துப் பள்ளிக் கல்வித் துறையின் சொந்த நிதிநிலைத் தலைப்பின் கீழ் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும். மத்தியப் பங்கு வரும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளட்டும். வராவிட்டால் வழக்காடி வாங்கட்டும். மத்திய அரசு இந்த நிதிக்கு வேறெந்த ஒப்பந்தத்தையும் நிபந்தனையாக்கக் கூடாது, 3,500 ரூபாய் உச்சவரம்பையும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும். ஏற்கெனவே பல ஆண்டுகள் உழைத்த தகுதியுள்ள பயிற்றுநர்களை உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில் பரிசீலித்து நிரந்தரமாக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், நீதிமன்றம் வகுத்த விகிதப்படி எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஆட்சியர் அலுவலகப் பலகையிலும் வட்டார வள மையங்களிலும் எழுதி ஒட்ட வேண்டும். நிரப்பும் வேலை கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்து தொடங்கட்டும்.